விற்றதற்கு வரியா, மிஞ்சியதற்கு வரியா?

(கமக்காரரும் வர்த்தகரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வரி கட்டவேண்டாம் என்று சொல்ல நான் இம்மேடைக்கு வரவில்லை. வீதியும் வைத்தியசாலையும் பாடசாலையும் வேண்டுமென்பவர் வரியும் கட்டியே ஆகவேண்டும். ஆனால், எதன்மீது வரி என்று கேட்கும் உரிமை கட்டுகின்றவனுக்கு உண்டு. சிறு வர்த்தகரின் கணக்குப் புத்தகங்களோடும் வரி மதிப்பீட்டுக் கடிதங்களோடும் பழகிவரும் சட்டத்தரணி என்ற முறையில், அந்த ஒரு கேள்வியையே உங்கள் முன் வைக்கின்றேன்.

இதற்கு விடை கமக்காரனுக்குத் தெரியும். பிரித்தானியர் ஆட்சியில் இந்நாட்டில் நெல்வரி இருந்தது. விதை, உழவு, கூலி எல்லாம் போக எஞ்சியதன்மீது விதிக்கப்பட்ட வரியன்று அது. விளைச்சலின்மீது விதிக்கப்பட்ட வரி. 1878ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் அது குறித்த பணத்தொகையாயிற்று. மழை பொய்த்தது, தொகை பொய்க்கவில்லை. வலப்பனையில் நிலுவைக்காக ஏழைகளின் வயல்கள் விற்கப்பட்டன. 1892இல் அவ்வரி ஒழிந்தது. 1932ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தோடு, செலவு கழித்து மிஞ்சியதற்கே வரி என்னும் நியாயம் இந்நாட்டில் கால்கொண்டது.

அந்த நியாயம் இன்று எங்கே நிற்கின்றது? 2009இல் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று ஒன்று வந்தது. அது விற்பனைத் தொகையின்மீதான வரி. 2019 முடிவில் அது நீங்கிற்று. நீங்கியது மூன்றாண்டும் நிலைக்கவில்லை. 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்ற பெயரில் அதே முறை மீண்டும் வந்தது. வீதம் நூற்றுக்கு இரண்டரை. சில்லறை வர்த்தகத்துக்கு விற்பனையின் பாதிமீது அது கணிக்கப்படும். ஆகவே நூறு ரூபாவுக்கு ஒன்றேகால் ரூபா.

ஒன்றேகால் ரூபா சிறிதெனத் தோன்றும். சீமெந்தும் இரும்பும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். நூறு ரூபா விற்பனையில் நான்கு ரூபா மிஞ்சுகின்றது என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரிய எல்லையைக் கடந்ததும் அந்த நான்கில் ஒன்றேகால் போய்விடும். அஃதாவது இலாபத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு! வருமானவரி அதன் பின்னரே வருகின்றது. நட்டப்பட்ட ஆண்டிலும் இவ்வறவீடு நிற்பதில்லை. நெல்வரிக்கும் இதற்கும் முறையில் என்ன வேறுபாடு?

எல்லைக்குக் கீழே உள்ளவன் தப்பினான் என்று சிலர் எண்ணுவர். அதுவும் பாதி உண்மையே. பெறுமதி சேர் வரி 2024 தை முதல் நூற்றுக்குப் பதினெட்டாயிற்று. தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இரண்டு இலட்சம் ரூபா இயந்திரத்துக்கு முப்பத்தாறாயிரம் வரி கொடுக்கின்றார். பதிவுபெற்ற பெரிய தளபாடக் கம்பனி அதே முப்பத்தாறாயிரத்தைத் தான் கட்டவேண்டிய வரியிற் கழித்துக்கொள்ளும். பதிவில்லாத சிறியவருக்கு அக்கழிவு இல்லை. அதே தை மாதம் டீசலும் அவ்வரிக்கு உட்பட்டது. உழவு இயந்திரம் ஓட்டும் கமக்காரனும் அதைச் சுமக்கின்றான். இவர்கள் வரிக்கு வெளியே நிற்பவரல்லர். கழிக்கும் உரிமை இன்றி உள்ளே நிற்பவர்கள்.

சட்டம் நிலையாக நின்றாலாவது பழகிக்கொள்ளலாம். பெறுமதி சேர் வரியின் பதிவெல்லை 2020 தையில் ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடியாக உயர்ந்தது. 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும், 2024 தையில் 6 கோடியாகவும் இறங்கிற்று. நான்கே ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள்! கணக்காளரை அமர்த்திய கம்பனி இதைத் தாங்கும். கடையையும் கணக்கையும் தானே பார்ப்பவன் எப்படித் தாங்குவான்?

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, நியாயம். சிறு தொழிலின் வரி மிஞ்சியதன்மீது இருக்கவேண்டும். எல்லைகள் நினைத்தபோது மாறாதிருக்கவேண்டும். வரிக் கடிதம் தமிழில் வரவேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் அரச அலுவலரோடு கருமமாற்றும் உரிமையைத் தந்திருக்கின்றது. அவ்வுரிமை ஏட்டிலிருந்தாற் போதாது, கேட்டுப் பெறவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. வாங்கியதற்குச் சிட்டை வையுங்கள். விற்றதை அன்றன்றே எழுதுங்கள். மதிப்பீடு தவறென்று காட்டும் பொறுப்பு வரி செலுத்துபவன் தலைமேலேயே இருக்கின்றது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, மதிப்பீட்டை மீளாய்வு செய்யுமாறு ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் கேட்க முப்பது நாட்களே உண்டு. கடிதத்தைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு முப்பத்தோராம் நாள் சட்டத்தரணியிடம் ஓடுவதால் பயனில்லை.

கணக்கில்லாதவன் குரல் திணைக்களத்தின் வாசலைத் தாண்டாது. சங்கங்களாகக் கூடுங்கள், கூடிக் கணக்கு எழுதப் பழகுங்கள், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேளுங்கள். வயலில் விளைந்ததற்கெல்லாம் வரி என்ற முறை 1892இல் ஒழிந்தது. கடையில் விற்றதற்கெல்லாம் வரி என்ற முறையும் ஒழியவேண்டும்.