அப்பா என்ன வேலை பார்க்கிறார்?



குற்றாலம் ஐந்தருவியில் சீசன் களைகட்டிய பிறகு, அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் நிறுத்துக் கொடுக்கிற பையன், சிப்ஸ் கடையில் சில்லறை எண்ணுகிற பெண், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறவர், வெண்ணமடைக் குளத்துப் படகுத்துறையில் வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் என்று பலரும் கல்லூரி மாணவர்கள். சனி, ஞாயிறு, விடுமுறை என்றால் வேலைக்கு வந்துவிடுவார்கள். கொல்லத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவரிடம் மலையாளத்தில் விலை பேசுவார்கள். வடக்கே இருந்து வந்தவரிடம் அரைகுறை இந்தியில் சமாளிப்பார்கள். அருவியில் குளிக்கத் தடை என்று அறிவிப்பு வந்ததும் வாங்கி வைத்த பழத்தை அழுகாமல் எப்படித் தள்ளிவிடுவது என்று யோசிப்பார்கள்.

இதே மாணவர் இறுதியாண்டில் ஒரு பயோடேட்டா தயாரிக்கிறார். அதில் முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார்!

நம் தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். அம்மா பீடி சுற்றுவார். அப்பா கேரளாவில் கட்டட வேலையில் இருப்பார், அல்லது சென்னையில் மளிகைக் கடையில் இருப்பார். கடையநல்லூர்ப் பக்கம் என்றால் வளைகுடா. மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் வேலை தேடுவதும், ஒரு வங்கி அதிகாரியின் மகன் வேலை தேடுவதும் ஒரே மாதிரி இல்லை. மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும்கூட ஒரே மாதிரி இல்லை. ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்று ஓர் ஊர். அங்கே மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், சமீபத்தில் வேலை மாறியவர்களிடம் போய், இந்த வேலை இருக்கிற செய்தி உங்களுக்கு யார் மூலம் வந்தது என்று கேட்டார். 1973-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கிற ஒருவர் மூலம் கிடைத்தது என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது சந்திக்கிறவர், பழைய பழக்கக்காரர் இப்படிப்பட்டவர்கள் மூலம்தான் செய்தி வந்திருந்தது. லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. அதுவும் ஏறத்தாழ இதையேதான் சொன்னது.

காரணம் எளிது. சித்தப்பாவுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்ததும் தெரியும். சொந்தபந்தம் முழுக்கத் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தால், திருப்பூரில் ஆள் எடுக்கிற செய்தி அன்றைக்கே வீடு தேடி வரும். சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்துக்கு வேதியியல் பட்டதாரி தேவை என்ற செய்தி ஜென்மத்துக்கும் அந்தத் தெருவுக்கு வராது. படித்த, சம்பளம் வாங்குகிற குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் செய்தி ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலேயே கிடைத்துவிடும். இதைத் திறமை வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் மனம் ஒடிந்துபோகிறார்கள்.

அப்படியானால் தூரத்துப் பழக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-இல் தொடங்கியது. அங்கே படித்து வெளியே போனவர்கள் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வேலைகளில் இருப்பார்கள். அதுபோல ஒவ்வொரு கல்லூரிக்கும் முன்னாள் மாணவர்கள் உண்டு. உங்களுக்கு முன்னால் படித்து முடித்துப் போன அக்காக்கள், அண்ணன்கள் பட்டியலைத் துறைத் தலைவரிடம் கேட்டு வாங்குங்கள். ஐம்பது வயதுப் பெரிய அதிகாரியைவிட, இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவர்தான் உங்களுக்கு அதிகம் உதவுவார். வேலைக்கான தேர்வில் என்ன கேட்டார்கள் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

ஆனால் அவரிடம் "அண்ணே, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அவர் சரி என்பார், அதோடு மறந்துவிடுவார். "உங்க கம்பெனியில எந்த மாசம் ஆள் எடுப்பாங்க? முதல் சுற்று எழுத்துத் தேர்வா, போன்ல பேசுவாங்களா? பி.எஸ்சி. படிச்சவங்களை எடுப்பாங்களா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது அவருக்குச் சுலபம். இன்னொன்றும் உண்டு. பல தனியார் நிறுவனங்கள், ஊழியர் பரிந்துரைத்த ஆள் வேலைக்குச் சேர்ந்தால் அந்த ஊழியருக்குத் தனியாகப் பணம் கொடுக்கின்றன. அதனால் கேட்பதற்கு ரொம்பவும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி அந்தப் பயோடேட்டாவுக்கு வருவோம். பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் யாருக்கோ அடித்து வைத்ததை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். தந்தை பெயர், தந்தை தொழில், மதம், சாதி, திருமண நிலை எல்லாம் வரிசையாக இருக்கும். அரசு வேலை விண்ணப்பத்தில் சாதி போன்ற விவரங்கள் வேண்டும். இடஒதுக்கீடு அதை வைத்துத்தான். தனியார் நிறுவனத்துக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல. பெயர் மட்டும் வேறு. சில பெயர்கள் உயர்சாதி இந்துப் பெயர்கள், சில தலித் பெயர்கள், சில முஸ்லிம் பெயர்கள். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் இது வெளிவந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுகிற வழக்கத்தை விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. விட்டதைப் பயோடேட்டாவில் தனி வரியாக நாமே எழுதிக் கொடுக்கிறோம்! அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெயரை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். பெயரைப் பார்த்து ஒதுக்குவது அந்த நிறுவனத்தின் குற்றம், விண்ணப்பித்தவரின் குறை அல்ல. உள்ளே இருக்கிற ஒருவர் பரிந்துரைத்தால் விண்ணப்பத்தை ஒருவர் கவனித்துப் படிப்பார் என்பதற்காகவும்தான் முன்னாள் மாணவர்களைத் தேடச் சொல்கிறேன்.

எடுத்துவிட்ட இடத்தில் ஐந்தருவிக் கடையை எழுதுங்கள். எந்த மாதங்கள், என்ன பொறுப்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ எவ்வளவு பணம் கையாண்டீர்கள், என்னென்ன மொழியில் வாடிக்கையாளரிடம் பேசினீர்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். மலையாளம் பேசத் தெரிந்தவர் நம் பக்கம் எத்தனையோ பேர். அதை ஒரு தகுதி என்று நாம் எழுதுவதேயில்லை. கொச்சியிலும் பெங்களூரிலும் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்முகத்தில் உட்கார்ந்தவுடன் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "அப்பா என்ன பண்றார்?" கேட்பவர் சும்மா பேச்சுக்குக் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சுரீந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டில்லி வட்டாரத்தில் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் 25 அதிகாரிகளிடம் பேசி எழுதியிருக்கிறார்கள். தகுதி ஒன்றுதான் பார்ப்போம் என்று சொன்னவர்கள், குடும்பப் பின்னணியும் முக்கியம் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பின்னணியைத்தான் இந்தக் கேள்வி வெளியே கொண்டுவருகிறது. கேட்கக் கூடாத கேள்வி என்பதுதான் என் கருத்து. வேலைக்குச் சேரப் போகிறவர் அப்பா இல்லை.

ஆனாலும் கேட்பார்கள். அதற்கு இரண்டு விதமான பதில் வருவதைப் பார்க்கிறோம். ஒன்று, குரல் இறங்கிப்போய், "கூலி சார்" என்று தலையைக் குனிந்துகொள்வது. இன்னொன்று, இல்லாத வியாபாரத்தைச் சொல்வது. பொய் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் வேண்டாம். நேராகச் சொல்லிவிட்டு, உங்கள் வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். உதாரணத்துக்கு: "அம்மா பீடி சுற்றுகிறார். கம்பெனியில் கொடுக்கிற இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கழித்தது போக எத்தனை பீடி கணக்கில் ஏறியது என்று பள்ளியில் படிக்கும்போதிருந்து நான்தான் நோட்டில் எழுதுவேன். பி.காம். எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்." மூன்றே வாக்கியம். இதில் இரக்கம் கேட்கிற தொனி இல்லை. கணக்கில் கவனமான ஆள் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இல்லை, ஒரு தோழியை எதிரே உட்காரவைத்து இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

அரசுத் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல நிறையப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நான் சான்றிதழ்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் தேர்வில் ஜெயித்துச் சான்றிதழில் தோற்கிறவர்கள் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீதம் முன்னுரிமை, 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கிறது. பள்ளி முதல் அந்தப் பணிக்கு உரிய படிப்பு வரை தமிழில் படித்ததாக, படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பழைய தொடக்கப்பள்ளிக்கு ஓடினால் தலைமை ஆசிரியர் லீவில் இருப்பார். பழங்குடி மாணவர்கள் இன்னும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். அவர்களுடைய சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும், விசாரணைக்கு நாள் பிடிக்கும். முதலாம் ஆண்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் வராது என்று மத்திய அரசு வேலைப் பக்கமே திரும்பாதவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) நடத்தும் பல்பணி ஊழியர் (எம்டிஎஸ்) தேர்வையும், வங்கி எழுத்தர் தேர்வையும், ரயில்வே தேர்வுகளையும் இப்போது தமிழில் எழுதலாம். ரயில்வே தேர்வுக்கு வெளியூர் போகிற பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ரயிலில் இலவசப் பயணச் சலுகையும் உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும்போது, அம்மாவின் அடையாள அட்டையை வைத்து மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்கலாம். செங்கோட்டையில் பீடி சுற்றும் தாய் ஒருவரின் மகள் குடிமைப் பணித் தேர்வில் வென்ற செய்தி 2024 ஏப்ரலில் வந்தபோது ஊரே கொண்டாடியது. அந்தத் தேர்வுக்குப் படிக்க மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து ஆண்டுக்கு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பக்கத்திலேயே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து வேலையில் சேர்க்கிற பள்ளியை அவர்கள் நடத்துகிறார்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு நிறுவனத்தை நம்பி மாவட்டமே காத்திருக்க முடியாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் பதிவு புதுப்பிக்கிற இடம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். அங்கே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிலும் வட்டம் நடக்கிறது, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். முகாமுக்குப் போகிறவர்கள், வருகிற நிறுவனங்களின் பெயரை முன்னதாகவே பார்த்துவிட்டுப் போங்கள். சென்னைக்குக் கூப்பிடுகிற நிறுவனத்திடம், முதல் சுற்றைப் போனில் வைத்துக்கொள்ளலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் போய்வரச் செலவு மட்டுமா, இரண்டு நாள் கூலியும் போகிறது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை கிடைத்தும் தங்க இடமில்லை என்பதால் வேண்டாம் என்று சொன்ன வீடுகள் நம் பக்கம் உண்டு. வேலைக்குப் போகிற பெண்களுக்காக மாநில அரசே பல நகரங்களில் தோழி விடுதிகள் நடத்துகிறது. வேண்டாம் என்பதற்கு முன்னால் அதை ஒருமுறை விசாரியுங்கள்.

பணம் கட்டினால் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வெளிநாடு என்றால் இரட்டைக் கவனம். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரில் இணைய மோசடி செய்யவைத்த கும்பலிடமிருந்து தமிழ் இளைஞர்களை மீட்டுவர வேண்டியிருந்தது. முகவருக்கு மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்கிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் நேரடியாகவே வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது.

கடைசியாக, சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் வேலையில் இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, படித்த கல்லூரிக்கு ஒரு நாள் போங்கள். சொற்பொழிவு வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் ஆள் எப்படி எடுக்கிறார்கள் என்று அரைமணி நேரம் சொல்லுங்கள். கிளம்புவதற்குள் இறுதியாண்டு மாணவர் ஐந்து பேருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் அடுத்து ஆள் எடுக்கும்போது அவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.