ஒரே பலகையில் பல வண்ணம்

(அத்திப்பட்டில் நடைபெற்ற கைத்தொழில் பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரியையும் சாலையையும் பற்றிப் பேசவேண்டிய அலுவலன், படம் அச்சிடும் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இத்தொழில் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அப்பாடம் ஊராட்சிப் பணிக்கும் பொருந்துவது. அதனாலேயே இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

பலகையில் செதுக்கிப் படம் அச்சிடுவது நமக்குப் புதிதன்று. திருவிழாக் கடைகளில் விற்ற ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களில் கட்டை அச்சுப் படங்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். வடக்கே மசூலிப்பட்டினத்தில் தேக்குக் கட்டைகளில் பூவும் கொடியும் செதுக்கித் துணியில் அச்சிடுகிறார்கள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி, 1850-ஆம் ஆண்டு டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது.

மரத்துக்குப் பதிலாக ‘லினோ’ என்னும் விரிப்பையும் செதுக்கலாம். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, தக்கைத் தூள் முதலியன கலந்து, சணல் துணியின்மேல் படியவைத்துச் செய்வது இது. தரையில் விரிக்கவே முதலில் செய்யப்பட்டது. மரத்தைப்போல் இதில் நாரோட்டம் இல்லை. உளி எத்திசையிலும் தடையின்றிச் செல்லும். விறைத்திருந்தால் சற்று நேரம் வெயிலில் வைத்தால் போதும், இளகிவிடும். காந்தியடிகள் கைத்தடியூன்றி நடக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் அறிவீர்கள். தண்டி யாத்திரை நடந்த 1930-ஆம் ஆண்டில் நந்தலால் போஸ் லினோவில் செதுக்கி அச்சிட்ட படம் அது.

ஒரு வண்ணத்துக்கு ஒரு பலகை போதும். பல வண்ணம் வேண்டுமானால் வழிகள் இரண்டு. வண்ணத்துக்கொரு பலகையாகத் தனித்தனியே செதுக்குவது முதல் வழி. ஜப்பானியர் 1765-ஆம் ஆண்டளவில் இம்முறையில் பல வண்ணப் படங்களைச் சிறப்புற அச்சிட்டார்கள். ஒரே பலகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் செதுக்கி, எல்லா வண்ணங்களையும் அதிலேயே அச்சிடுவது இரண்டாவது வழி. புகழ்பெற்ற ஓவியர் பிக்காசோ, தென் பிரான்சில் 1959-ஆம் ஆண்டையொட்டி, எழுபது வயதைக் கடந்தபின், இம்முறையைக் கையாண்டு உலகறியச் செய்தார். பல பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தும் தொல்லை இதில் குறைவு. பலகைச் செலவும் குறைவு.

செய்முறையை உங்கள் ஊர்க் காட்சியைக் கொண்டே சொல்கிறேன். விளைந்த நெல்வயல், அதில் ஒரு வெண்கொக்கு, பசிய வரப்பு, பின்னே ஒரு பனைமரமும், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும். இதுவே நம் படம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கொக்கின் உருவத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட வேண்டும். அவ்விடத்தில் மை படியாது. தாளின் வெண்மையே கொக்காக நிற்கும். பிறகு பலகை முழுவதும் மஞ்சள் மை உருட்டி, தாள்கள் அனைத்திலும் அச்சிட வேண்டும். அடுத்து, வயலாக மஞ்சளாகவே நிற்கவேண்டிய பகுதிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு, எஞ்சிய பரப்பில் பச்சை மை உருட்டி, அதே தாள்களின்மேல் அச்சிட வேண்டும். பின்னர்ப் பச்சையாகவே நிற்கவேண்டிய வரப்பையும் செதுக்கிவிட வேண்டும். இப்போது பலகையில் மிஞ்சியவை பனையும் புகைபோக்கியுமே. அவற்றைக் கறுப்பில் அச்சிட்டால் படம் நிறைவுறும். வெளிர் வண்ணம் முதலில், அடர்ந்த வண்ணம் இறுதியில் என்பதே வரிசை. எழுத்து வேண்டுமானால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

படம் முடியும்போது பலகையும் முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பச்சைக்காக உளியை வைத்த பிறகு, மஞ்சளில் இன்னொரு தாள் அச்சிட எவராலும் இயலாது. ஆகவே எத்தனை படிகள் வேண்டும் என்பதை முதல் வண்ணத்திலேயே முடிவுசெய்ய வேண்டும்.

இதை நான் கற்றது என் தவற்றினால்தான். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், மகளிர் குழு ஒன்று பொங்கல் வாழ்த்து அட்டைகள் 100 செய்து தருவதாக முன்பணம் பெற்றிருந்தது. மஞ்சளில் சரியாக 100 தாள்கள் அச்சாயின. “இன்னும் ஓர் இருபது அடித்துக்கொண்டு வெட்டுவோம், ஐயா” என்றார் குழுவில் மூத்த அம்மையார். தாள் வீணாகுமே என்று கருதி, “போதும் அம்மா, வெட்டுங்கள்” என்றேன் நான். பச்சை அச்சிடுகையில் 11 தாள்கள் இடம்பிசகின. கறுப்பில் மை அப்பி மேலும் 6 கெட்டன. மிஞ்சியவை 83. குறைந்த 17 அட்டைகளைச் செய்ய வழியே இல்லை. அவற்றுக்குரிய பணத்தை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். இருபது தாள்களின் விலையை மிச்சம்பிடிக்கப் போய், பதினேழு அட்டைகளின் கூலியை ஏழைப் பெண்களுக்கு இழக்கச் செய்தேன். அவ்வம்மையாருக்குத் தொழில் தெரியும், எனக்குத் தெரியாது. இருந்தும் அலுவலன் சொல் என்பதால் அவர் மறுத்துரைக்கவில்லை.

ஆகவே இத்தொழிலில் இறங்குவோருக்குச் சில யோசனைகள் சொல்வேன். கேட்ட தொகைக்குமேல், 100-க்கு 20 வீதமாவது கூடுதலாகத் தொடங்குங்கள். இடம் பிசகாதிருக்க, ஒரு பலகையில் அட்டையால் மூலைத் தடுப்பு ஒட்டி, ஒவ்வொரு முறையும் லினோவையும் தாளையும் அதே மூலையில் பொருத்துங்கள். மையை மெல்லியதாக உருட்டுங்கள். எண்ணெய் மை காய ஒரு நாளாவது ஆகும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாட்களில் இரண்டு மூன்று நாட்களும் ஆகலாம். அதைக் கணக்கிட்டே தவணை சொல்லுங்கள். உளியை உடலுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள். மற்றொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

தொடக்கத்திலேயே கடன் வாங்கி அச்சு இயந்திரம் வாங்கவேண்டாம். தாளின் முதுகில் மர அகப்பையின் அடிப்புறத்தை அழுத்தித் தேய்த்தாலே படம் நன்றாக விழும். இத்தொழில் ஒன்றினாலேயே குடும்பம் நடத்தலாம் என்றும் நான் ஆசை காட்டமாட்டேன். 1966-ஆம் ஆண்டில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்த ஓவியர்களும், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றே தம் கலையைப் பேணினார்கள். வாழ்த்து அட்டை, திருமண அழைப்பு, கிராம சபைக்குப் படத்துடன் கூடிய அறிவிப்பு ஆகியவற்றைச் செய்து, ஓய்வு நேரத்தில் ஓரளவு வருவாய் பெறலாம். எழுத்தறியாத மூதாட்டியும் படத்தைப் பார்த்துக் கூட்டத்துக்கு வருவார் என்றால், அதுவும் ஒரு பயனே.

நிறைவாக ஒன்று கூறி அமைகிறேன். ஊர்ப் பணிகளிலும் திரும்பப் பெறமுடியாத வெட்டுகள் பல உண்டு. ஏரிக்கரைப் பனையை வெட்டுவதும், மேய்ச்சல் நிலத்தை வேறு பணிக்கு ஒதுக்குவதும், வாய்க்காலைத் தூர்ப்பதும் அத்தகையவையே. அந்த வேளையில் அலுவலன் “போதும், வெட்டுங்கள்” என்று அவசரப்படக்கூடும். விவரம் தெரிந்தவர் அந்த அம்மையாரைப்போல் ஒருமுறை சொல்லிவிட்டு வாளாவிருந்துவிடக் கூடாது. “பொறுங்கள் ஐயா, கணக்கு இன்னும் முடியவில்லை” என்று எழுந்து சொல்லுங்கள். கிராம சபையில் அப்படிச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேட்கும் கடமை எனக்கு உண்டு.

இங்கே மேசைமேல் இருக்கும் லினோவில் கொக்கு மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் மையும் ஆயத்தமாக உள்ளது. எத்தனை தாள்கள் அச்சிடுவது என்பதை இன்று நான் சொல்லப் போவதில்லை. அதனை நீங்களே கூடிக் கலந்து முடிவுசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.