பாதியில் நின்ற பாட்டு

கட்டி முடிக்காத சுவரை இடித்துவிட்டுக் கல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றுபோன பாட்டை என்ன செய்வது? வீசி எறிவதா, பூட்டி வைப்பதா, அல்லது பல ஆண்டுகள் கழித்து எடுத்து முடித்து வைப்பதா? ஆங்கில இசைக்குழு ஒன்றுக்கு இந்தச் சிக்கல் உண்மையாகவே வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

குழுவின் பெயர் ஜெத்ரோ டல். மண்ணில் பாடுபடும் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கும். ஏனென்றால் அது ஒரு விவசாயியின் பெயர். 1674 முதல் 1741 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெத்ரோ டல் என்பவர், கையால் வீசி விதைப்பதில் விதை வீணாவதைக் கண்டு, நேரான வரிசைகளில் விதையை மண்ணுக்குள் இறக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். இவருக்கும் ராக் இசைக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. 1967, 68-இல் அந்த இளைஞர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொண்டு மேடை ஏறினார்கள். ஒரு பெயரில் போன இடத்தில் மறுபடி கூப்பிடமாட்டார்கள், அதனால்தான்! நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அலுவலகத்தில் யாரோ சொன்ன இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1968-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் அதையும் ‘ஜெத்ரோ டோ’ என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள். இன்று அபூர்வ இசைத்தட்டு சேர்ப்பவர்கள் அந்தப் பிழைக்காகவே அதைத் தேடுகிறார்கள்.

குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தம்முடைய மின்கித்தாரைக் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாங்கினார். ஆசிரியர் இல்லாமல் தாமே பழகி, மேடையில் ஒற்றைக்காலில் நின்று வாசித்தார். ராக் இசையில் புல்லாங்குழலா என்று முகம் சுளித்தவர்களும் பிறகு கேட்டார்கள். அந்த நாளில் ‘முற்போக்கு ராக்’ என்று ஒரு வகை தோன்றியிருந்தது. மூன்று நிமிடப் பாட்டு என்ற வேலியைத் தாண்டி, மேலை நாட்டுச் செவ்வியல் இசையையும் நாட்டுப்புற இசையையும் கலந்து நீளமாகப் பாடுவது அது. 1972-இல் இவர்கள் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ என்ற இசைத்தட்டில் இருந்தது ஒரே பாட்டு. நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. தட்டைத் திருப்பிப் போட்டால் அதே பாட்டு தொடரும்! அது அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

பணம் வந்தது, வரியும் வந்தது. அப்போது பிரிட்டனில் பெரும் வருமானத்துக்கு மிகக் கடுமையான வரி. அதனால் அடுத்த இசைத்தட்டை வெளிநாட்டில் பதிவு செய்வதென்று, பாரிஸ் நகருக்கு அருகே எருவில் என்ற ஊரில் ஒரு பழைய மாளிகைக்குப் போனார்கள். மாளிகைக்குள்ளேயே ஒலிப்பதிவுக்கூடம், தங்குவதும் சாப்பிடுவதும் அங்கேயே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவிகள் மக்கர் செய்தன, சாப்பாடு வயிற்றைக் கெடுத்தது, வீட்டு நினைப்பு வாட்டியது என்று ஆண்டர்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ ஒரு மணி நேர இசை நாடாவில் ஏறிய பிறகு, ஐந்து பேரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த மாளிகையின் பெயரோடு ஆங்கிலத்தில் ‘பேரிடர்’ என்ற சொல்லைக் கோத்து ஒரு கேலிப் பெயரும் வைத்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் பழையதைத் தொடரவில்லை. புதிதாக எழுதி 1973-இல் ‘எ பேஷன் பிளே’ என்ற தட்டை வெளியிட்டார்கள். மாளிகையில் தொடங்கிய இரண்டு பாட்டுகள் மட்டும் 1974-இல் வந்த ‘வார் சைல்ட்’ தட்டில் இடம் பெற்றன. மற்றவற்றில் பெரும்பகுதி அலமாரியில் உறங்கியது.

இங்கே ஒலிநாடாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒலிப்பதிவுக்கூடத்து நாடா அகலமானது. அதில் பல தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். முரசு ஒரு தடம், கித்தார் ஒரு தடம், குரல் ஒரு தடம். பால்மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன அல்லவா, அப்படி. ஒரு நிரையில் வேலை செய்தால் மற்ற நிரைக்குச் சேதமில்லை. ஒரு தடம் காலியாக இருந்தால், இருபது ஆண்டு கழித்தும் அதில் புதிதாக வாசித்துச் சேர்க்கலாம். பழைய வாசிப்பு அப்படியே இருக்கும்.

ஆண்டர்சன் அதைத்தான் செய்தார். 1988-இல் குழுவின் இருபதாம் ஆண்டுத் தொகுப்பில் மாளிகைப் பதிவின் ஒரு சிறு பகுதி வெளிவந்தது. பிறகு 1993-இல் ‘நைட்கேப்’ என்று இரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது. உறங்கப்போகும் முன் பருகும் கடைசிக் கோப்பைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். முதல் தட்டு ‘என் முறை’. இரண்டாவது தட்டு ‘உன் முறை’. நண்பர்கள் மாறி மாறிப் பானம் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நினைத்து வைத்த பெயர்கள். மாளிகை இசை முதல் தட்டில். பல ஆண்டுகளில் ஒதுக்கிய பாட்டுகள் இரண்டாவதில். அவற்றில் சில ஏன் ஒதுக்கப்பட்டன என்பது கேட்டவுடனே விளங்கிவிடும்! முதல் தட்டு அப்படியல்ல. அதில் ஆத்திரமும் விளையாட்டும் கலந்த ஓர் உயிர் இருக்கிறது.

ஆனால் முடிவு பெறாத சில இடங்களை ஆண்டர்சன் புதிய புல்லாங்குழல் வாசிப்பால் நிரப்பினார். 1972-இல் அவருக்கு 25 வயது, 1993-இல் 46. இதற்கிடையே வேடிக்கையான ஒன்று நடந்தது. அவருடைய மகள் புல்லாங்குழல் பயின்றபோது, தாம் இத்தனை ஆண்டுகளாகச் சில சுரங்களுக்கு விரல் வைத்த முறையே தவறு என்று கண்டுகொண்டு, திருத்திப் பழகினார். ஆக, சேர்த்தவர் அதே மனிதர். வாசிப்போ வேறு மனிதருடையது போல இருந்தது. சேர்க்க அவருக்கு உரிமை உண்டா? உண்டு, பாட்டு அவருடையது. ஆனாலும் அது பழைய இளைஞனின் பேச்சுக்கு நடுவில் பெரியவர் குறுக்கிடுவதைப் போல இருக்கிறது என்பது என் கருத்து.

நல்லவேளை, பழைய தடங்கள் அழியவில்லை. 2014-இல் ‘எ பேஷன் பிளே’ விரிவான தொகுப்பாக மறுபடி வந்தபோது, ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் மாளிகை நாடாக்களைப் புதிதாகக் கலந்து கொடுத்தார். பின்னால் சேர்த்த குழலோசை அதில் இல்லை. வெற்றிடங்கள் வெற்றிடங்களாகவே கேட்கின்றன.

நம் வீட்டுக் கேசட்டுகளில் இத்தனை தடம் கிடையாது. தாத்தா பாடிய தெம்மாங்கோ, பாட்டியின் தாலாட்டோ பதிந்திருக்கும் கேசட்டில், அறியாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினால் பழையது போயே போய்விடும். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கின்றன. அவற்றை ஒடித்துவிட்டால் அதன்மேல் பதிவு செய்யமுடியாது. நம் நாட்டு ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூசணம் பூக்கும். பூத்ததை இயந்திரத்தில் போட்டால் இயந்திரத்துக்கும் பரவும். காய்ந்த இடத்தில், வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். இன்னும் ஓடும் நிலையில் இருப்பதை இப்போதே கணினிக்கோ கைப்பேசிக்கோ படியெடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைக் குறைப்பதோ, மெருகேற்றுவதோ, அந்தப் படியில் செய்யலாம். பாட்டி நடுவில் இருமியிருந்தால், மூலக் கேசட்டில் அந்த இருமலும் இருக்கட்டும்.