எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

(நூற்றாண்டு விழாவில், உயர்தர மாணவிகள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணை உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுடன் பேசுவதற்காக இங்கு வந்திருந்தேன். முடிந்து வெளிக்கிடும்போது ஒரு பிள்ளை வாசல்வரை ஓடிவந்து, "டொக்டர் அக்கா, மெடிசின் செய்யிறதெண்டால் இலத்தீன் தெரிய வேணுமாமே? அதுக்கு எந்தப் புத்தகம் நல்லது?" என்று கேட்டாள். வாகனம் காத்துக்கொண்டு நின்றது. "பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். வவுனியா தாண்டும்வரை மனம் கேட்கவில்லை. இன்றைய உரைக்கு வேறு தலைப்புத் தந்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். மருத்துவபீடம் புகுவதற்கு இலத்தீன் தேவையில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முன் அதற்காக ஒரு மணித்தியாலமும் செலவழிக்க வேண்டாம். ஆனால் பரீட்சை எழுதிய பின், பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை, மாதக்கணக்கில் வீட்டில் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த மாதங்களுக்கான புத்தகம்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, முகாமில் சிலகாலம் இருந்து, உயர்தரத்துக்கு இந்தப் பாடசாலையில் சேர்ந்தவள் நான். உயிரியலை முழுக்கத் தமிழில் படித்தேன். மருத்துவபீடத்தில் முதல் மாதம், முகத்துத் தசை ஒன்றைக் காட்டி விரிவுரையாளர் பெயர் கேட்டார். 'லெவேற்றர் லேபியை சுப்பீரியோறிஸ் அலீக்குவே நேசை' என்பது விடை. என் வாய் திறக்கவில்லை. அன்றிரவு விடுதியில் உடுப்புப் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். தமிழ் மொழிமூலம் படித்தவளுக்கு இது சரிவராது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

அறைத்தோழி ஒருத்தி தடுத்துவிட்டாள். பழைய புத்தகக் கடையில் ஒரு இலத்தீன் நூலும் வாங்கித் தந்தாள். அது 1888 இல் வெளிவந்த கென்னடியின் இலக்கண நூல். அட்டையில் இருப்பது தந்தையின் பெயர். உழைப்பில் பெரும்பகுதி அவருடைய புதல்வியர் மேரியன், யூலியா இருவருடையது என்பது பின்னர்தான் வெளியில் வந்தது. பெண்கள் பாடசாலையில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சொற்களின் ஈறுகளை அட்டவணை அட்டவணையாக அடுக்கிய நூல் அது. இரண்டு மாதம் பாடமாக்கினேன். ஆனாலும் ஒரு தசையின் பெயரைப் பிரித்து விளங்க முடியவில்லை. பிழை புத்தகத்தில் இல்லை. ஆசிரியர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும், படித்ததை மீட்டுப் பார்ப்பவர்களுக்கும் ஏற்ற நூல் அது. ஆசிரியர் இல்லாத நான் அதில் தொடங்கியதுதான் பிழை.

வழி திறந்தது நமது தமிழால். ஒருநாள் அந்த நீளப் பெயரைத் துண்டு துண்டாக எழுதி, பக்கத்தில் தமிழ் எழுதினேன். லெவேற்றர், உயர்த்துவது. லேபியை, உதட்டின். சுப்பீரியோறிஸ், மேல். நேசை, மூக்கின். 'இன்' என்று நாம் சேர்க்கிற ஆறாம் வேற்றுமைதான் அங்கேயும் ஈறாக நிற்கிறது. 'அலீக்குவே' மட்டும் இடறியது. 'அலீ' என்றால் சிறகின், அதாவது மூக்கு மடலின். கடைசியில் ஒட்டியிருக்கும் 'குவே' நம்முடைய 'உம்'. தமிழில் போலவே சொல்லின் பின்னால் ஒட்டுகிறது. மேலுதட்டையும் மூக்கு மடலையும் உயர்த்தும் தசை. அவ்வளவுதான் அதன் பொருள்.

அதன் பிறகு பழைய உயிரியல் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நாம் படித்த 'முக்கூர் வால்வு' இலத்தீன் பெயரின் நேர்ப்பொருள். 'இருதலைத் தசை'யும் அப்படித்தான். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டவர். அவர் காலம் தொட்டு எத்தனையோ பேர் இருந்து யோசித்து ஆக்கிய சொற்கள் நம் கொப்பியில் இருக்கின்றன. ஆகவே பிள்ளைகளே, பாதிப் பொருள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எதற்காகப் படிக்கிறேன்? மருத்துவச் சொற்கள் மட்டும் போதுமென்றால் இலத்தீன் இலக்கணமே வேண்டாம். சொல்லின் முன்னொட்டு, வேர், பின்னொட்டு ஆகியவற்றை விளக்கும் மருத்துவச் சொல் நூல் ஒன்று போதும். அதில் கிரேக்கச் சொற்களும் சேர்ந்திருக்கும். மொழியையே வாசிக்க ஆசையென்றால் மட்டும் அடுத்த இரண்டு கேள்விக்கும் வாருங்கள்.

இரண்டாவது, யார் கற்பிக்கப் போகிறார்கள்? 1970 இல் தொடங்கிய கேம்பிறிட்ஜ் இலத்தீன் பாடநெறி பொம்பெயி நகரத்துக் குடும்பமொன்றின் கதையாகப் போகும். வாசிக்க இனிமையானது. ஆனால் பல பாகம், வகுப்பறையை நினைத்து எழுதியது. தனியே படிப்பவருக்கு வீலொக் என்பவரின் நூல் நல்லது. 1956 இல் வெளிவந்தது, 40 அத்தியாயம். தானே செய்து பார்க்கும் பயிற்சிகளுக்குப் பின்பக்கத்தில் விடை உண்டு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்காக அவர் தயாரித்த ரோனியோக் குறிப்புகளிலிருந்து வளர்ந்த நூல் அது. போரால் படிப்பு இடைநின்றவர்களை மனதில் வைத்து எழுதிய புத்தகம் என்று அறிந்தபோது, எனக்கு அதன்மேல் தனிப் பற்று வந்தது.

மூன்றாவது, அந்தப் புத்தகம் எந்த மொழியில் விளக்குகிறது? இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வீலொக் ஆங்கிலத்தில் விளக்குவார். ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. டென்மார்க் நாட்டவரான ஓர்பேர்க்கின் 'உரோமக் குடும்பம்' என்னும் நூல் முதல் வரியிலிருந்து இலத்தீனிலேயே நடக்கும். 35 அத்தியாயம். ஓரத்தில் படங்களும் குறிப்புகளும் புதுச்சொல்லை விளக்கும். ஆங்கிலத்தில் கெட்டிக்காரியும் நீங்களும் அதில் ஒரே கோட்டில் நின்று தொடங்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் தருவது இதைத்தான். ஈறுகள் கண்ணுக்குப் பழகிய பிறகு வீலொக். அட்டவணை தேவைப்படும்போது கென்னடி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தமிழில் 'ஐ', 'கு' என்ற உருபுகள் எல்லாப் பெயருக்கும் பெரும்பாலும் ஒன்றே. இலத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் ஈறு மாறும். அதற்குக் குறுக்குவழி இல்லை. ஒருநாளைக்கு அரைமணித்தியாலம், சத்தமாக வாசிக்க வேண்டும்.

களைப்பு வரும்போது முற்றத்தைப் பாருங்கள். மாமரத்தின் விஞ்ஞானப் பெயர் மஞ்சிபெறா இந்திக்கா. 'பெர்' என்பது தாங்குவது. முன்னால் இருப்பது போர்த்துக்கேயர் வாய்வழி போன நம் மாங்காய். பனையின் பெயரில் வரும் 'பிளபெலிபெர்' விசிறி தாங்கி. வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பழைய மாணவிகளான சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நூலகத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள், நன்றி. ஆனால் என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பியது புத்தகம் அல்ல, பக்கத்தில் இருந்த ஒரு தோழி. நீங்கள் கனடாவில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். இலத்தீன்தான் என்றில்லை, உங்களுக்குத் தெரிந்த எதுவானாலும் சரி. இந்த மூன்று நூலும் இன்று நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சனிக்கிழமைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் என்னுடையது.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில் இருந்தால் எழும்ப வேண்டாம். கூட்டம் முடிய வாசலில் நிற்கிறேன். இன்றைக்கு வாகனம் காத்து நிற்கட்டும்.