வடசென்னையிற் காணத்தக்க இடங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உள்ளூர் மாடு விலைபோகாது என்பது பழமொழி. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நம் சங்கத்தார் பிள்ளைகளுடன் உல்லாசப் பிரயாணம் புறப்படுவது வழக்கம். மலைகளையும் அருவிகளையும் அயலூர்க் கோயில்களையும் கண்டு மீள்கின்றோம். அது நல்லதே. ஆயினும், இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளை நோக்கி, உங்கள் ஊரிற் காணத்தக்கது யாது என்று அயலார் வினவினால், அவர்கள் தலைகுனிகின்றனர். புகையும் லாரியுமே உள என்கின்றனர். கல்லூரியிற் சேர்ந்தபின் ஊர்ப்பெயரைச் சொல்லவும் கூசுவார் உளர். இக்கூச்சத்திற்குக் காரணம் ஊரன்று. ஊரை எடுத்துச் சொல்வாரைப் பெறாமையே. ஆதலின், இன்று உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்லாமல், நம் தெருக்களின் வழியே தெற்கினின்று வடக்காக அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

முதற்கண் இராயபுரம். பேதுரு என்னும் அடியாரைத் தமிழ்க் கிறிஸ்தவர் இராயப்பர் என வழங்குவர். அப்பெயரால் இராயபுரம் ஆயிற்று என்பது வழக்கு. அவர் பெயரிலுள்ள கோயில் 1829 இல் எழுந்தது. எழுப்பியவர் படகோட்டிகள். அந்நாளிற் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து சரக்கையும் மக்களையும் கரைசேர்ப்பன மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் இணைக்கப்பட்டவை அல்ல, கயிற்றினால் தைக்கப்பட்டவை. என்னை? எனின், ஆணியறைந்த படகு அலை மோதிய மாத்திரத்தே பிளந்துபோம். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். இந்நுட்பத்தை அறிந்த உழைப்பாளர் தம் கூலியிற் சேர்த்த பொருளால் எடுப்பித்த கோயில் இஃது என்பதை நினைந்து அதன் வாயிலில் நில்லுங்கள்.

அதனருகே பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில் உள்ளது. பிரோஜ் கிளப்வாலா என்பார், இளமையில் மாண்ட தம் மைந்தன் ஜாலின் நினைவாக 1910 இல் எடுப்பித்தது. தமிழ்நாட்டில் அச்சமயத்தார்க்கு வேறு அக்கினிக் கோயில் இல்லை. அயலார் உள்ளே புகுதல் அவர்தம் மரபன்று; புறத்தே நின்று கண்டு, மரபைப் போற்றி மீளவேண்டும்.

அடுத்து, புகைவண்டி நிலையம். 1856 ஜூலை 1 ஆம் நாள் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடிற்று. பம்பாயில் 1853 இலும் ஹௌராவில் 1854 இலும் வண்டிகள் ஓடத் தொடங்கின என்பது மெய்யே. ஆயினும் அவை முதலிற் புறப்பட்ட நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. நெடுந்தூண்கள் வரிசையாய் நிற்கும் நம் இராயபுரத்துக் கட்டடம் இன்றும் நிற்கின்றது. 2005 இற் பழுதுபார்க்கவும் பெற்றது. சென்ட்ரல் நிலையம் எழுந்தது 1873 இலேதான். தினந்தோறும் அவ்வழியே மின்சார வண்டியிற் செல்லும் நம்மவருள் ஒருமுறையேனும் இறங்கி அத்தூண்களை அண்ணாந்து பார்த்தவர் எத்துணைப் பேர்?

அங்கிருந்து பழைய சிறைச்சாலைச் சாலைக்கு வருவோம். மாடிப் பூங்கா என நாம் வழங்குவது பூங்கா மட்டுமன்று. பழைய நகர மதிலின் எஞ்சிய பகுதி. 1758, 1759 ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டனர். பின்னர் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் எல்லைவரை வந்தது. அவ்வச்சத்தால் ஆங்கிலேயர் மதில் எடுப்பித்தனர். அதன் செலவுக்கு நகரமாந்தரிடம் வரி தண்ட எண்ணினர், எண்ணம் நிறைவேறவில்லை. ஆயினும் மதில்வரி என்னும் பொருளுடைய பெயர் வால்டாக்ஸ் சாலையாக நின்றுவிட்டது. தண்டாத வரிக்கும் ஒரு சாலை நினைவுச்சின்னமாயினமை வியப்பன்றோ?

ஸ்டான்லி மருத்துவமனைக்கு நோயாளிகளாகவே சென்றுள்ளோம். 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் வித்து. பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பதன் காரணம் இதுவே. கஞ்சி வார்த்த இடம் நோய் தீர்க்கும் இடமாகி, 1938 இல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

தண்டையார்பேட்டை என்னும் பெயரும் ஓர் அடியாரைச் சுட்டுவதே. தொண்டிக்கு அணித்தான குணங்குடியிற் பிறந்த மஸ்தான் சாகிபு இப்பகுதியில் வந்து தங்கினார். தொண்டியார் என மக்கள் அழைக்க, அவரிருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று என்பர். பராபரக்கண்ணி பாடிய அவரை இசுலாமியரும் சைவரும் ஒருங்கே போற்றுகின்றனர்.

இனித் திருவொற்றியூர். மூவர் முதலிகளின் பாடல்பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழமரத்தடியிற் சூளுற்று, அச்சூள் பிழைத்துக் கண்ணிழந்தார் என்பது புராணம். செக்குத்தொழில் புரிந்த கலிய நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரே. விளக்கெரிக்க எண்ணெய் கிடையாதபோது தம் குருதியையே வார்க்கத் துணிந்தவர் அவர். கடலோரத்தே பட்டினத்தார் அடங்கிய இடம் உள்ளது. இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த நாளில் இத்தலத்தைப் பலகால் வழிபட்டார். தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரியின்மேல் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். புற்று வடிவாய மூலவரைக் கவசமின்றிக் காண்பது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே.

புராணத்தோடு நில்லாமல் கல்வெட்டையும் நோக்குக. 949 இல் தக்கோலப் போரில் இராசாதித்த சோழன் மாண்டான். அவனுடைய நண்பனாகிய சேரநாட்டு வீரன் ஒருவன், தலைவனோடு தானும் மாயாமைக்கு வருந்தித் துறவு பூண்டு, இவ்வூர் மடத்தில் சதுரானன பண்டிதன் என்னும் பெயரோடு வாழ்ந்தான். பின்னர், முதல் இராசேந்திரன் காலத்தில், அம்மடத்தில் அப்பெயர் தாங்கிய தலைவரின் முயற்சியால் ஆனையின் முதுகொத்த கருங்கல் விமானம் எழுந்தது. அதனைச் சமைத்தவன் பெயரையும் கல் சொல்கின்றது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். இக்கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தமையும் கல்வெட்டால் விளங்கும். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது.

வடக்கே எண்ணூர். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகமும், அலையாத்திச் செடிகளும், வலைவீசுவோரும் கண்ணுக்கு விருந்து. அதனருகே வேறொரு காட்சியும் உண்டு. 1970 களில் மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017 இல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் இரு கப்பல்கள் மோத, எண்ணெய் கரையெங்கும் படிந்தது. மக்கள் வாளிகொண்டு அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் கழியிற் பரவி மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. இதனையும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் வேண்டும். ஊரின் பெருமையை மட்டும் காட்டி, ஊருக்கு நேர்ந்ததை மறைப்பின், அது விளம்பரமாகுமேயன்றிக் கல்வியாகாது.

நிற்க. இவற்றை எடுப்பித்தோர் யாவர்? படகோட்டி, பார்சி வணிகர், தச்சர், செக்கார், சேரநாட்டு வீரர், இசுலாமிய ஞானி. ஒரு சாதியார் மட்டும் உண்டாக்கிய ஊர் இதுவன்று. நம் முன்னோரின் பங்கும் அதனுள் அடங்கும். தன் குலத்தார் கட்டியதை மட்டும் கண்டு மகிழ்பவன், தன் வீட்டின் ஓர் அறையை மட்டும் அறிந்தவனை ஒப்பான். இதனைச் சாதிச் சங்கத்து மேடையிற் சொல்வதே பொருத்தம்.

புகைசூழ்ந்த ஊரை யார் காண வருவர் என்று சிலர் வினவலாம். ஜப்பானியத் தலைநகராகிய தோக்கியோவில் அசகுசா என்னும் பழைய பகுதி உண்டு. 1945 ஆம் ஆண்டு விமானத்தாக்குதலில் அங்குள்ள பெருங்கோயில் எரிந்தது. 1958 இல் மீண்டும் எடுப்பித்தனர். இன்று உலகத்தார் அங்கே திரள்கின்றனர். சாம்பலான இடத்தையே அவர்கள் மீட்டனர். நம்முடையவோ இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: இவ்வாண்டுப் பிரயாணத்தின் ஒரு நாளை நம் ஊருக்கே ஒதுக்குக. 2021 முதல் மெட்ரோ வண்டி விம்கோ நகர் வரை ஓடுவதால் செலவும் சிறிது. இரண்டு: வீட்டிலுள்ள முதியோர் தம் தெருவைப்பற்றி அறிந்தவற்றைப் பிள்ளைகள் கேட்டு எழுதுக, நல்லனவற்றை நம் இதழில் வெளியிடலாம். மூன்று: திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசக் கண்டால், கோயிலாரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுக. தேய்ந்த எழுத்தை மீட்டும் வெட்ட வீரசோழத் தச்சன் வாரான்.

பின்னொருநாள் அயலார் நம் பிள்ளையை ஊர் எது என வினவும்போது, அவன் தலைநிமிர்ந்து பெயரைச் சொல்வதோடு, வாருங்கள் காட்டுகிறேன் என்று அழைத்தும் செல்வானாயின், இச்சங்கம் செய்த தொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும்.