மைதானம் யாருக்கு?

(அக்கரப்பத்தனை இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நீதிமன்றத்திலும் அரசியல் மேடையிலும் காலங்கழிக்கும் எம்மை விளையாட்டைப் பற்றிப் பேச அழைத்தமை சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விதி என ஒன்று இருத்தல் வேண்டும். அது இரு தரப்பாருக்கும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். நடுவர் எவர் பக்கமும் சாயாதிருத்தல் வேண்டும். இந்த எண்ணத்தை நம் பிள்ளைகள் சட்டப் புத்தகத்திலா கற்றார்கள்? கிளித்தட்டுக் கோட்டிலும் சடுகுடுக் களத்திலும் அல்லவா கற்றார்கள்!

மலைநாட்டிலே சமநிலம் அரிது. சரிவெல்லாம் தேயிலை, எஞ்சிய துண்டிலே லயம். உதைபந்தாட்டத்துக்கு 100 மீற்றர் நீளமான சமதரைக்கு எங்கே போவது? கரப்பந்தாட்டத்துக்கோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். பெரட்டுக்களத்தில் இரு கம்பங்களை நட்டு ஒரு வலையைக் கட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். 1991 ஆம் ஆண்டில் அரசாங்கம் கரப்பந்தாட்டத்தை நாட்டின் தேசிய விளையாட்டு என அறிவித்தது. நம் இளைஞர் அந்த அறிவிப்பைப் பார்த்தா வலை கட்டினார்கள்? இடமின்மையே அவர்களுக்கு அவ்வாட்டத்தைத் தேர்ந்து கொடுத்தது. காலையிலே பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்பும் அதே மண்ணில், மாலையிலே எவரும் கூப்பிடாமல் தாமாகவே வந்து கூடுகிறார்களே, அந்தக் காட்சிதான் எமக்கு இனியது.

ஆயினும் மலைநாட்டிலே மைதானமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. நானுஓயாவுக்கு அண்மையில் ரதல்லையில் ஒன்று உண்டு. டிக்கோயாவில் டரவளையில் ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தம் கழகங்களுக்கென அமைத்துக்கொண்ட அழகிய புற்றரைகள் அவை. மண்வெட்டி பிடித்த கை எவருடையது என்று இங்குள்ள முதியோரிடம் கேட்க வேண்டியதில்லை. துரை ஆடினார், நம் பாட்டனார் வேலிக்கு வெளியே நின்றார்.

வேலிக்கு வெளியே நின்ற அந்தப் பரம்பரையிலே வந்தவர்தான் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து உழைத்தவர்; முதுமையில் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பியவர். பேரனோ கண்டியிலே பிறந்து உலகறிய வளர்ந்தார். அவருடைய அரசியல் பேச்சுகளில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அவற்றை வேறொரு மேடையில் பேசுவோம். இன்று எடுத்துக்கொள்வது மெல்போர்னில் நடந்ததை.

1995 டிசம்பர் 26. அவர் பந்தை எறிகிறார், வீசவில்லை என்று கூறி, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை கையை நீட்டினார். ஆயிரமாயிரம் பேர் பார்த்திருக்க ஓர் இளைஞனின் மானமும் பிழைப்பும் ஊசலாடின. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? அவரை ஒதுக்கி வைக்கவில்லை. மறுமுனையிலிருந்து பந்து வீசச் செய்தார். அங்கு நின்ற நடுவர் பிழை காணவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் மற்றொரு நடுவர் அதே குற்றத்தைச் சாட்டியபோது, ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். பின்னர் அதற்காகத் தண்டனையும் பெற்றார். நடுவரோடு விரல் நீட்டிப் பேசியதை நாம் மெச்சவில்லை. ஆனால் தன் ஆளைத் தனியே விடாத தலைமையை மெச்சாதிருக்க முடியுமா?

மெல்போர்ன் ஆட்டத்துக்கு இரு மாதங்கள் முன்புதான், 1995 ஒக்ரோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல் துறந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். அதை மறந்து இதைப் புகழ நாம் வரவில்லை. ஒரே நாட்டில் இரண்டும் நடந்தன என்பதைத்தான் சொல்கிறோம்.

அதன் பின் நிகழ்ந்ததோ சட்டம் பயின்றோர் கருத வேண்டியது. கருவிகள் கொண்டு அளந்தபோது, பிழையற்றவர் எனப் பெயர் பெற்ற பந்துவீச்சாளர் பலரின் முழங்கையும் ஓரளவு வளைந்து நிமிர்வது புலனாயிற்று. 2005 முதல் 15 பாகை வரை எல்லோருக்கும் அனுமதி என விதி திருத்தப்பட்டது. அதாவது, வெறுங்கண்ணால் ஒருவனைக் குற்றவாளியாக்கிய விதி, அளவுகோல் வந்ததும் தானே மாறியது.

இது நமக்குப் பழகிய கதையல்லவா? 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இன் சட்டமோ, 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இங்கு தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கச் சொல்லியது. பிறப்புக்குப் பத்திரமில்லாத, வீட்டுக்கு உறுதியில்லாத மனிதனிடம் அத்தாட்சி கேட்டார்கள்! அந்த விதி முற்றாகத் திருந்த 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். அதுவரை நம்மை எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்று நிற்க எத்தனை தலைவர் இருந்தார்கள் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இனி நம் வீட்டுக் குறையைப் பேசுவோம், கோபிக்க வேண்டாம். பல்வங்கர் பாலு என்றொரு பந்துவீச்சாளர் பூனாவில் இருந்தார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்தவர். 1911 இல் இங்கிலாந்து சென்று நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் வீசிய பந்தை இந்து அணி ஏற்றது. தேநீரை மட்டும் மண்டபத்துக்கு வெளியே, மண்குவளையில் கொடுத்தது. தலைமைப் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. 1923 இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிட்டியது. அந்தத் தேயிலையைக் கிள்ளுகிற நாம் இக்கதையைக் கேட்டுப் பூனாக்காரரை ஏசிவிட்டுப் போய்விடலாமா? மேல் லயத்தான், கீழ் லயத்தான் என்று அணி பிரிப்பது எங்கே நடக்கிறது? ஒரு தொழிற்சங்கத்தார் பிள்ளை மறு சங்கத்தார் அணியில் ஆடக்கூடாது என்பது எங்கே? தேர்தல் வந்ததும் தலைவர் படம் பொறித்த சட்டை வருகிறது. அடுத்த தேர்தலில் வேறு படம் வருகிறது. சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், குளிர்நாடு, வேண்டியதுதான்! அணியை விற்றுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். நாள் முழுதும் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கும் கால்களுக்கு ஓட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு இல்லாதது மாலைப்பொழுது. ஆண்கள் வலையைக் கட்டும் வேளையில் அவர்கள் விறகும் தண்ணீரும் சுமக்கிறார்கள். இளைஞர்களே, வாரத்தில் இரு மாலை அந்த விறகை நீங்கள் சுமந்தால் ஒரு பெண்கள் அணி பிறந்துவிடும்.

மைதானத்துக்கு வருவோம். தோட்டக் காணி அரசினுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர். பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டப்புறத்தில் செலவிட நெடுங்காலம் தடையாய் நின்றது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் அக்கரப்பத்தனைக்கெனத் தனிப் பிரதேச சபையும் வந்தது. ஆகவே, அதிகாரம் இல்லை என்று இனி எவரும் தட்டிக்கழிக்க இடமில்லை. சபைக்கும் கம்பனிக்கும் அரசுக்கும் ஒரே மனு அனுப்புவோம்: பிள்ளைகள் ஆடச் சமப்படுத்திய ஒரு காணி, அது பொது மைதானம் என்பதற்கு எழுத்தில் ஓர் உறுதி. வாய்வார்த்தை போதாது, அடுத்த துரை வந்து அதில் தேயிலை நடுவார்.

மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் இருவர் கையெழுத்திடுங்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாய் இருக்கட்டும். எச்சங்கத்தார் என்று அதில் எழுத வேண்டாம்.