மண்ணுக்கேற்ற மாடு
(ஆனினத் தேர்வு குறித்து ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இறைச்சிக்கென மாடு வளர்க்க விழைவோர் எதனைக் கண்டு இனத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்? உருவத்தையா? விலையையா? பிறநாட்டுப் பெயரையா? இவ்வினாவிற்கு மேய்ச்சல் நிலத்திலேயே விடை தேடிய அறிஞர் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். யான் பான்சுமா என்பது அவர் பெயர். அவர் உருவாக்கிய இனமே 'பான்சுமரா'.

அந்நாட்டின் வடபகுதி அந்நாளில் திரான்சுவால் எனப்பட்டது. இலிம்போப்போ ஆற்றை ஒட்டிய அந்நிலத்தில் வெயில் கடுமை; மழை அருமை; எங்கும் முட்புதர்; புதர்தோறும் உண்ணி. அதற்கு இயைந்த நாட்டுமாடு ஆப்பிரிக்கானர். ஐரோப்பியர் கால்வைப்பதற்கு முன்பே கோய்க்கோய் மக்கள் மேய்த்த மந்தைகளின் வழிவந்தது அது. செந்நிறம், நீண்ட கொம்பு, சிறிய திமில், வழவழப்பான குறுமயிர் ஆகியவை அதன் அடையாளங்கள். குடியேறியோரின் வண்டிகளை உள்நாடு வரை இழுத்துச் சென்றவை அவ்வெருதுகளே. 1896, 1897ஆம் ஆண்டுகளில் பரவிய வெக்கை நோயும், 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போரும் அவ்வினத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன.

இதற்கிடையே, மிகுந்த இறைச்சி வேண்டிப் பிரித்தானியக் காளைகளை இறக்கினர். குளிர்நாட்டுப் புல்வெளியில் கொழுத்து நின்ற அவ்வினங்கள் வெந்நிலத்தில் என்னாயின? நண்பகலில் மூச்சிரைத்தன; மேய்ச்சலை விட்டு நிழல் தேடின. அடர்ந்த மயிருக்குள் உண்ணிகள் அடைந்தன. அவை பரப்பிய நோய்கள் உயிர் குடித்தன. கன்றுகள் வளர்ச்சி குன்றின. புகழை நம்பி வாங்கியவர் கைப்பொருளையும் இழந்தார். மந்தையின் வலிமையையும் இழந்தார்.

இந்நிலையில்தான், 1937ஆம் ஆண்டில், மாரா, மெசினா ஆகிய அரசு ஆய்வு நிலையங்களில் பான்சுமா தம் பணியைத் தொடங்கினார். அவர் தம் கண்ணை மட்டும் நம்பினாரல்லர், அனைத்தையும் அளந்தார். ஒரே வெயிலில் நிற்கும் மாடுகளின் உடல்வெப்பத்தைக் கணித்தார், மூச்சை எண்ணினார், கன்றுகளை நிறுத்தார். தோல்மயிரைக் கத்தரித்து, நனைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கம்பளித்தன்மையுடைய மயிர் கட்டியாகத் திரண்டது. வழவழப்பான மயிர் திரளவில்லை. திரளாத மயிருடைய மாடே வெப்பம் தாங்கியது. உண்ணியும் அதன்மேல் குறைவாகவே பற்றியது. எளிய உழவரும் செய்து பார்க்கத்தக்க தேர்வு இது!

ஈண்டு ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். நாட்டுமாடு என்பதற்காக ஆப்பிரிக்கானரின் குறையை அவர் மறைக்கவில்லை. அது பிந்திப் பருவமெய்தியது. கன்று ஈனும் அளவும் குறைவு. தம்முடையது என்பதற்காகக் குறையை மூடிவைப்பது அன்பாகாது. அதுவே அவ்வினத்தின் அழிவிற்கு வழியாகும். அயலினம் என்பதற்காக அதன் நன்மையைத் தள்ளுவதும் அறிவாகாது. ஆனால், கொள்ளும் அளவு எவ்வளவு என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது.

பிரித்தானிய இனங்கள் ஐந்தினை நாட்டுப் பசுக்களோடு கலந்து பார்த்த அவர், எரிபோர்டு, சார்ட்டார்ன் ஆகிய இரண்டன் வழிவந்தவற்றையே இறுதியில் தேர்ந்தார். நாட்டினம் முக்கால் பங்குடைய கால்நடையையும் அரைப் பங்குடையதையும் இணைத்தால், கன்றில் நாட்டினக் குருதி அரையே அரைக்கால், அதாவது எட்டில் ஐந்து பங்காகும். அயலினக் குருதி காலே அரைக்கால், அதாவது எட்டில் மூன்று பங்காகும். இவ்வளவிலேயே இனத்தை நிலைநிறுத்தினார். வந்ததன் நன்மை சேர்ந்தது. வேர் மட்டும் அம்மண்ணின் வேராகவே நின்றது.

கலப்போடு பணி முடிந்துவிடவில்லை. கலப்பது ஒருமுறை, கழிப்பது தலைமுறைதோறும். கன்று ஈனாத பசு எத்துணை அழகாயினும் நீக்கப்பட்டது. கன்றை நன்கு ஊட்டி வளர்க்காத தாயும், கம்பளி மயிருடைய காளையும் விலக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டில் வளர்ப்போர் கழகம் தோன்றியது. எடை, ஈற்று ஆகியவற்றின் பதிவுகளை ஒவ்வொரு வளர்ப்பாளரும் பேணுதல் கட்டாயமாக்கப்பட்டது. அறிஞர் பெயராம் பான்சுமாவும் நிலையத்தின் பெயராம் மாராவும் இணைந்து பான்சுமரா என்றாயின. இன்று தென்னாப்பிரிக்காவின் முதன்மையான இறைச்சியினங்களுள் அது ஒன்று. நமீபியாவிலும் அர்சென்டினாவிலும்கூட வளர்க்கப்படுகின்றது.

மாடு தேர்வோர் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, எந்நிலத்தில் மாடு வாழவேண்டுமோ அந்நிலத்திலேயே அதனைத் தேருங்கள். கொழுந்தீனி போட்டு நிழலில் வளர்த்த காளை, வறண்ட காட்டிற்குச் சான்று கூறாது. இரண்டாவது, அளந்து பாருங்கள். நிறைகோலுக்கு ஓரவஞ்சனை இல்லை. மூன்றாவது, நாட்டினத் தாய்ப்பசுக்களை முற்றும் இழந்துவிடாதீர்கள். காளையை விலைக்கு வாங்கலாம். பல நூற்றாண்டு வெயிலும் வறட்சியும் நோயும் புடைத்தெடுத்துத் தந்த வலிமையை எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது. அப்பசுக்கள் அற்றுப்போயிருந்தால், பான்சுமா எதனைக் கொண்டு தம் பணியைத் தொடங்கியிருப்பார்? எண்ணிப் பாருங்கள்!